வரிசையின் கடைசி ஆள்

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். தட்டுகளை எடுத்து, மேஜையைத் துடைத்துவிட்டு அப்படியே காத்திருப்பார்கள். டாக்டர் அண்ணன் கை கழுவிவிட்டு வந்து, ஜன்னலோர நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார். வரிசை ஆரம்பமாகும். பெரிய தங்கைக்கு முழங்கால், இரண்டாவது தங்கையின் புருஷனுக்கு நெஞ்செரிச்சல், பிள்ளைகளில் யாருக்காவது காதுக் குடைச்சல். அவர் தொட்டுப் பார்ப்பார், அழுத்திப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். முக்கால்வாசிப் பேருக்கு அவர் கொடுக்கிற மருந்து ஒன்றுதான்: "ஒண்ணும் இல்ல, போ." அதைக் கேட்டதும் பாதி வலி போய்விடும். மீதிப் பாதி திங்கட்கிழமை அவசரத்தில் தானாகப் போய்விடும்.

எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு, சுற்றுமுற்றும் பார்த்து வேண்டுமென்றே ஒரு கேள்வி கேட்பார்.

"அவ்வளவுதானே? வேற யாரும் இல்லயே?"

மூலையிலிருந்து ஒரு குரல் வரும். "நான் இருக்கேண்ணா."

வீடே கொல்லென்று சிரிக்கும். அதுதான் கடைசித் தம்பி. அவனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பாவம், அது பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டில் எல்லோருக்கும் அவன் 'ஆம்புலன்ஸ்'. சின்ன வயதில் முட்டியில் லேசாகச் சிராய்த்தால்கூடத் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஊளையிடுவான். வளர்ந்த பிறகு ஊளை நின்றது, புலம்பல் நிற்கவில்லை. தலைக்குள் ஏதோ ஓடுகிறது, நெஞ்சுக்குள் ஏதோ உருள்கிறது, கால் விரலில் சுருக்கென்கிறது. மின்விசிறி விற்கிற கடையில் நாளெல்லாம் நின்றபடி வேலை. வாங்க வருகிறவர்களிடம் காற்றின் வேகத்தைச் சொன்ன கையோடு தன் கழுத்துவலியையும் சொல்வான். பரிதாபப்பட்டே பலர் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பது மூன்றாவது தங்கையின் தீர்ப்பு.

அண்ணன் அவனைச் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்ல மாட்டார். சட்டைமேலேயே ஓர் அழுத்து, முதுகில் ஒரு தட்டு. "உனக்கு ஒண்ணும் இல்லடா. போய்ப் படு."

அவனும் போய்ப் படுத்துவிடுவான். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு நேரம் மூலையில் உட்கார்ந்திருந்தான்.

அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அண்ணன் மருத்துவப் படிப்பில் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தார். அடுத்த வருஷமே அம்மாவும் போய்விட்டாள். அவருக்குக் கீழே நாலு தங்கைகள். அவர்களுக்கும் கீழே, இன்னும் பள்ளிக்கூடம் போகாத இந்தத் தம்பி. உறவுக்காரர்கள் வந்து ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். "பிரிக்க மாட்டேன்" என்றார் அவர். பகலெல்லாம் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு, சாயங்காலம் வந்து அஞ்சு பேருக்கும் தலை வாரிவிட்டு, சீருடையில் தெறித்துப்போன பித்தான்களைத் தைப்பார். பித்தானுக்கும் ஆபரேஷன் முடிச்சுதான். துணி நைந்து கந்தலாகும், பித்தான் மட்டும் அசையாது.

படித்து முடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர் ஆனார். விடிந்ததும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் வெயில் சாய்ந்துதான் வெளியே வருவார். குடல், பித்தப்பை, விபத்தில் நசுங்கிய வயிறு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். நின்று நின்றே கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. அதற்கு ஓர் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி மனைவி சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். அவருக்கு எங்கே நேரம்? தங்கை ஒவ்வொருத்திக்கும் கல்யாணம் ஆக ஆக வீட்டுக்கு மேலே ஒரு தளம் ஏறியது. பெண்கள் யாரும் வெளியே போகவில்லை, மாப்பிள்ளைகள்தான் உள்ளே வந்தார்கள். கடைசியாகத் தம்பிக்கும் கல்யாணமாகி, மொட்டைமாடியை ஒட்டின அறை அவனுக்கு என்றானது.

சொந்த ரத்தத்தின்மேல் கத்தி வைக்கக் கூடாது என்பார்கள் அந்தத் தொழிலில். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. பெரிய தங்கையின் குடல்வாலை எடுத்தது அவர். மூன்றாவது தங்கையின் பித்தப்பையை எடுத்தது அவர். மாப்பிள்ளைகளில் ஒருவருக்குக் குடல் இறக்கம், அதுவும் அவர்தான். "என் வீட்டு ஆள் வயித்துல இன்னொருத்தன் கை வைக்கிறதா?" என்பார். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்புக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, முகமூடியைக் கீழே இறக்கி, தாழ்வாரத்தில் மந்தையாக நிற்கிற குடும்பத்தைப் பார்த்து ஒன்றையே சொல்வார்: "ஒண்ணும் இல்ல. எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க." பெரிய பெரிய டாக்டரெல்லாம் விளக்கோ விளக்கென்று விளக்குவார்கள். அவருக்கு இந்த இரண்டு வாக்கியம் போதும்.

ஒரு மழைக்காலத்தில் தம்பிக்கு ஒரு வலி வந்தது.

"மேல்வயித்துல ஆரம்பிச்சு முதுகு வழியா துளைக்குதுண்ணா. குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் தேவலை."

"நாளெல்லாம் கடையில நிக்கிறவனுக்கு முதுகு வலிக்காம என்ன பண்ணும்? ஒண்ணும் இல்லடா. போய்ப் படு."

இதையே வார்டில் வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இப்படி முதுகுக்குப் போகிற வலி, குனிந்தால் தணிகிற வலி எங்கிருந்து வரும் என்று மாணவர்களைக் கேள்வி கேட்டே குடைந்தெடுக்கிறவர் அவர். ஆனால் சொன்னது ஆம்புலன்ஸ். வீடு சிரித்தது, அவரும் சிரித்தார்.

சிரிக்காத ஒரே ஆள் தம்பியின் மனைவி. அவள் சின்னக் குடும்பத்தில் பிறந்தவள். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் வலிக்கிறது என்றுதான் அவளுக்கு அர்த்தம். மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் மூச்சுவிடாமல் அவனைப் பெரிய தெருவில் இருக்கிற வயிற்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த டாக்டர் மரியாதை தெரிந்தவர். அதுதான் வினையாகிவிட்டது. அண்ணனுக்குப் போன் செய்தார்.

"உங்க தம்பி வந்திருந்தாரு சார். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்னு சொன்னேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை…"

"நான் பார்த்துக்கறேன்."

வீட்டுக்கு வந்தவர் தட்டைத் தொடவில்லை. எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"அஞ்சு பேரையும் இந்தக் கையாலதானே வளர்த்தேன்? என் கைமேல நம்பிக்கை இல்லன்னா வாய்விட்டுச் சொல்லிடுங்க. ஊர்ல இருக்கிற டாக்டர் எனக்குப் போன் பண்ணி என் தம்பி வயித்தைப் பத்திச் சொல்ல வேண்டாம்."

தங்கைகள் நாலு பேரும் தம்பி மனைவியின்மேல் பாய்ந்தார்கள். நேற்று வந்தவளுக்கு அண்ணனைப் பற்றி என்ன தெரியும் என்றாள் ஒருத்தி. உழைத்து ஓடாய்த் தேய்கிற மனுஷனை ஒரு வேளைகூட நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டீர்களா என்றாள் இன்னொருத்தி. தம்பிதான் அழுதுவிட்டான். நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியாம பண்ணிட்டேண்ணா. இனிமே உங்க கை தவிர வேற எந்தக் கையும் என்மேல படாது. இது வாக்கு."

அவர் மனசு குளிர்ந்துவிட்டது. தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். தம்பி மனைவி மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அந்த ஸ்கேன் மட்டும்…"

"அதான் சொல்றேனேம்மா, நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தார், பொய் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பேருந்து கவிழ்ந்து ஆஸ்பத்திரி முழுக்க ரத்தம். அது அடங்குவதற்குள் பெரிய தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற அலைச்சல். ஸ்கேன் அவர் நினைவிலிருந்தே நழுவிவிட்டது. ஞாபகப்படுத்தக் கூடிய ஒருத்தியின் வாயை வீடே சேர்ந்து அடைத்து வைத்திருந்தது.

அதன்பிறகு தம்பி புலம்புவதை விட்டுவிட்டான். அண்ணன் மனசை நோகடித்த பாவத்துக்கு அவன் செய்துகொண்ட பரிகாரம் அது. "வேற யாரும் இல்லயே?" என்று அவர் கேட்டால், "நான் இருக்கேண்ணா" என்று வந்து உட்காருவான். உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, சும்மா பழக்கதோஷம்" என்பான். ஆம்புலன்ஸ் ரிப்பேராகி ஷெட்டில் நின்றுவிட்டது என்று கேலி செய்தார்கள். இளைத்து ஆளே அழகாகிவிட்டான் என்றும் சொன்னார்கள். கடவுளே, அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

மழை போய் வெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போலக் கடைசியாக வந்து உட்கார்ந்தான். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. அவன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அதற்குமேல் அந்தக் கண்களில் வெள்ளையே இல்லை, மஞ்சள்தான்.

அண்ணன் எழுந்து நின்றார். கட்டைவிரலால் அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"சட்டையைக் கழட்டு."

அவனிடம் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தம்பி பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அவர் அவனை அந்த மேஜைமேலேயே படுக்க வைத்து, வலது விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்தார். முட்டை மாதிரி ஒன்று, வலியே இல்லாமல், விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. பித்தப்பை. பித்தம் போக வழியில்லாமல் வீங்கி நிற்கிறது. வழியை அடைத்துக்கொண்டிருப்பது எது என்பது அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று முதல்முறையாகத் தன் படிப்பை வெறுத்தார்.

"என்னண்ணா, ஒண்ணும் இல்லதானே?"

"நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. மயக்க மருந்து டாக்டர், அவரோடு ஒன்றாகப் படித்தவர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீ கை வைக்காதே. வேற யாராவது பண்ணட்டும். சொன்னா கேளு."

இந்தத் தடவை கேட்கத் தயாராகத்தான் இருந்தார். தம்பியிடம் போய், இன்னொரு டாக்டர் செய்வார், தன்னைவிடக் கெட்டிக்காரர் என்றார். தம்பி படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"வேற ஆளா? என்னண்ணா நீங்க! வாக்குக் கொடுத்திருக்கேன்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவர் போய்த் தன் பெயரிலேயே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

வயிற்றைத் திறந்தார். கட்டியைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கல்லீரல்மேல், குடலைப் போர்த்தியிருக்கிற சவ்வின்மேல், எங்கு பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகக் குருணை மாதிரி புற்று சிதறிக் கிடந்தது. அவர் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். பார்த்தது போதாதென்று மறுபடியும் தடவினார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து மயக்க டாக்டர் "என்னப்பா?" என்றார். அவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

கட்டியைத் தொட முடியாது. பித்தம் வடிவதற்கு மட்டும் குடலோடு ஒரு மாற்றுவழி வைத்தார். மஞ்சள் இறங்கும், உடம்பு அரிப்பாவது நிற்கும். அதற்குமேல் செய்வதற்கு அந்த வயிற்றில் எதுவும் மிச்சமில்லை. மேல்தோல் தையலை எப்போதும் சின்ன டாக்டர்களிடம் விட்டுவிடுவார். அன்றைக்கு அவரே தைத்தார். அத்தனை நெருக்கமாக, அத்தனை நேர்த்தியாக அவர் தைத்து அந்தத் தியேட்டரில் யாரும் பார்த்ததில்லை.

உடை மாற்றுகிற அறையில் மயக்க டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போன மழைக்காலத்துலயே பார்த்திருந்தாலும் இதே கதைதான். உனக்கே தெரியும்."

"இருக்கலாம்."

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதைச் சொல்ல உலகத்தில் இனி எந்த ஸ்கேனும் கிடையாது. எத்தனையோ வயிறுகளைத் திறந்து என்ன ஏது என்று பார்த்துவிட்ட மனுஷர், இது ஒன்றை மட்டும் பார்க்க முடியாமலேதான் சாக வேண்டும்.

தாழ்வாரத்தில் குடும்பம் முழுக்க நின்றது. முகமூடியைக் கீழே இறக்கினார்.

"எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். ஒரு தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். பேசிக்கொண்டே படியிறங்கிக் கேன்டீன் பக்கம் போனார்கள். தம்பி மனைவி மட்டும் சுவரோரமாக நின்ற இடத்திலேயே நின்றாள். புருஷனின் சட்டையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"மாமா, முதல்ல ஒண்ணு சொல்லுவீங்களே. அதைச் சொல்லலையே."

அவர் தரையைப் பார்த்தார். அவள் கத்தியிருந்தால், நாலு கேள்வி கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அந்தச் சட்டையைப் பிரித்து, மறுபடி மடித்து, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் தம்பிக்கு நன்றாகத் தெளிந்திருந்தது. அவர் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார். கை பழக்கத்தில் அவன் வயிற்றுப் பக்கம் போனது. தையல்மேல் போட்ட கட்டைத் தொடாமல் போர்வைமேலேயே நின்றுவிட்டது.

"என்னண்ணா?"

நாலு வயசிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. அதற்கு அவரிடம் இருந்ததும் ஒரே பதில்தான். அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இருக்குடா," என்றார்.

தம்பி அவர் முகத்தையே பார்த்தான். முதலில் அவன் முகத்தில் வந்தது பயம் இல்லை. பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளைக்கு வருமே, அந்தச் சந்தோஷம்.

"சொன்னேன்ல?"

"சொன்னேடா."

"நிஜமாவே இருக்குல்ல?"

"இருக்கு."

அவன் தலையைத் திருப்பி மனைவியைத் தேடினான். "கேட்டியா? அண்ணனே சொல்லிட்டாரு."

அவள் அவன் உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் அவன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் அது அவனுக்குள் இறங்கியது. கையை நீட்டி அண்ணனின் விரல்களைப் பிடித்துக்கொண்டான். சின்னப் பிள்ளையில் தெருவைக் கடக்கும்போது பிடிப்பானே, அதே பிடி.

"சரி பண்ணிட்டீங்கல்ல?"

டாக்டர் அண்ணன் அழுதார். வார்டில் சிஸ்டர்கள் பார்க்க, சின்ன டாக்டர்கள் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதார். தம்பி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தை அவன் பார்க்கவில்லை. அவன் மனைவி அறையைக் காலி செய்துகொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். போகும்போது யார்மேலும் ஒரு பழி சொல்லவில்லை. அவரிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. தங்கைகள் அழுது தீர்த்தார்கள். விதி என்றார்கள், கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்றார்கள். அண்ணன் கையால் பார்த்தும் பிழைக்கவில்லை என்றால் யார் பார்த்தும் பிழைத்திருக்க மாட்டான் என்றார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

துக்கம் கொஞ்சம் ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டுகளை எடுத்துவிட்டு எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வேறெங்கே போவார்கள்? அவர் கை கழுவிவிட்டு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய தங்கை முழங்காலை நீட்டினாள். அவர் தொட்டார், அழுத்தினார், மறுபடி அழுத்தினார். அந்தக் கைக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாளைக்கு ஒரு படம் எடுத்துடலாம். எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட காட்டு."

அடுத்து நெஞ்செரிச்சல் மாப்பிள்ளை. அவருக்கும் ஸ்கேன். காதுக் குடைச்சல் பிள்ளைக்கும் இன்னொரு டாக்டர். பெரிய தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணா இது, கொட்டாவி விட்டாக்கூட ஸ்கேனா? எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். நீங்க எப்பவும்போல ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க. அது போதும்."

அவர் வாயைத் திறந்தார். வரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஸ்கேனுக்கு ஒப்புக்கொண்டு, பயந்த முகத்தோடு எழுந்து போனார்கள். வரிசை முடிந்தது. அவர் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவ்வளவுதானே? வேற யாரும் இல்லயே?"

அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் மட்டும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு, கழுவின கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.